ஒன் ஃபாரஸ்டர்

காலை பத்து நாற்பது. ஃபேக்ஸ் இயந்திரத்திலிருந்து ஒரு தாள் முக்கால்வாசி வெளியே வந்து சுருண்டு நின்றது. அதில் முதலில் கண்ணில் பட்டது எண்ணூர் என்ற ஊர்ப்பெயர். அடுத்துப் பட்டது ஃபாரஸ்டர் என்ற சொல்.

ஒரு சொல்லுக்காக அகராதியைப் புரட்டும் நேரத்தில் இரண்டு செய்தி எழுதிவிடலாமே என்று, இதழியல் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் மாலை இதழின் அலுவலகம் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே அச்சகம். எந்திரம் ஓடினால் மேலே மேஜையில் இருக்கும் தேநீர் நடுங்கும். நான் தலைமைத் துணை ஆசிரியர். நண்பகல் பதிப்பின் முதல் பக்கத்தைப் பதினொன்றரைக்கு முடித்துக் கீழே அனுப்ப வேண்டும். செல்போன் அப்போது முதலாளிகளின் கையில் மட்டும் இருந்தது. நாங்களெல்லாம் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்றோம்.

ஃபேக்ஸ் வந்தது ஒரு செய்தி முகமையிலிருந்து. ஆங்கிலம், முழுக்கப் பெரிய எழுத்துகளில். எண்ணூர் முகத்துவாரத்தில் இன்று காலை படகு கவிழ்ந்தது, இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள், ‘ஒன் ஃபாரஸ்டர், ஏஜ்ட் அபவுட் ஃபார்ட்டி ஃபைவ்’ மூழ்கியிருக்கலாம் என்று அஞ்சப்படுகிறது. மொத்தமே நாலு வரி.

கதிரவன் தாளை எடுத்தான். சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்த துணை ஆசிரியன், தமிழ் எம்.ஏ., வேகமான கை. நான் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் தலைப்போடு கொண்டுவந்து வைத்தான். “எண்ணூரில் படகு கவிழ்ந்து வனவர் பலி?” கேள்விக்குறியை அவனாகவே போட்டிருந்தான். அதற்காக அவனைப் பாராட்ட வேண்டும்.

மொழிபெயர்ப்பிலும் குறை சொல்ல முடியாது. வனத்துறையில் ரேஞ்சர் என்றால் வனச்சரகர். அவருக்குக் கீழே ஃபாரஸ்டர், அதாவது வனவர். அவருக்கும் கீழே இருப்பவர் வனக்காப்பாளர். மூன்றையும் குழப்பி ‘வன அதிகாரி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. கதிரவன் குழப்பவில்லை.

தலைப்பைப் படித்ததும் நான் அறையின் கோடியைப் பார்த்தேன். அங்கே ஜன்னல் ஓரம் மெய்ப்புத் திருத்துகிற மேகலாவின் மேஜை. மேகலாவின் கணவர் துரைராஜ் வனவர். அன்று காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மேகலா சொல்லியிருந்தார், “இன்னிக்கு அவருக்கு எண்ணூர்ல டியூட்டி சார். முகத்துவாரத்துச் சேத்துல மரக்கன்னு நடறாங்களாம். புது பேண்ட்டு போட்டுகினு கெளம்பிட்டாரு.”

“எண்ணூருல ஏதும்மா காடு? சாம்பலும் சேறும்தானே இருக்கு” என்று யாரோ கேட்டார்கள்.

“மரம் இருந்தாத்தான் காடா? கெஜட்டுல காடுன்னு போட்டா காடுதான்” என்றார் மேகலா. எல்லோரும் சிரித்தோம்.

இப்போது கதிரவனுக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் மாறியது.

“சார், அக்கா வீட்டுக்காரர்...”

“மெதுவாப் பேசு.”

டைப் ஆகி வருகிற எந்தச் செய்தியும் மேகலாவின் மேஜையைத் தாண்டாமல் பக்கத்துக்குப் போகாது. இதையும் வழக்கம்போல அனுப்பியிருந்தால், தன் கணவரின் மரணச் செய்தியில் ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் அவர்தான். செய்தியை டைப்புக்கு அனுப்பாமல் என் மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

வனத்துறை அலுவலகத்துக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. காவல் நிலையத்தில் எடுத்தார்கள், எல்லோரும் முகத்துவாரத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். எங்கள் பகுதிநேர எண்ணூர் நிருபர் மாரி ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தான். அவன் கடைக்குப் பக்கத்து பூத்துக்காரரிடம், மாரியை உடனே நெட்டுக்குப்பத்துக்குப் போய் அங்கிருந்து பேசச் சொல்லுங்கள் என்றேன். முகத்துவாரத்தின் கரையில் இருக்கும் மீனவர் குப்பம் அது. அங்கேயும் ஒரு பூத் இருந்தது.

பிறகு செய்ய ஒன்றுமில்லை. ஃபேக்ஸை மறுபடி படித்தேன்.

பத்து வருடம் குற்றச் செய்தி பார்த்துவிட்டுத்தான் நான் டெஸ்க்குக்கு வந்தேன். அந்தப் பழக்கத்தில் ஒன்று உறுத்தியது. அதில் வயது இருந்தது, பெயர் இல்லை. அரசு ஊழியர் ஒருவர் பணியில் இருக்கும்போது மூழ்கினால் முதலில் தெரிவது அவர் பெயர். அடுத்து ஊர். வயது கடைசியில்தான் வரும், பல நாள் வராமலே போகும். வயதைக் கேட்டு எழுதிக்கொண்டவன் பெயரைக் கேட்காமலா விட்டிருப்பான்? அவசரத்தில் விட்டுப்போயிருக்கலாம்தான். ஆனால் ஒரு செய்தியில் இருக்க வேண்டியது இல்லையென்றால், அது வேறு வேஷத்தில் அங்கேயே இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். நான் அப்போது அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. உறுத்தல் மட்டும் இருந்தது.

மாரி கூப்பிட்டான். பின்னால் ஒரே கூச்சல்.

“சார், நான் மாரி. இங்க கூட்டமா கீது சார். போட்டு கவுந்தது நெஜம்தான்.”

“யாரைக் காணோம்?”

“யாரோ பாஸ்டராம் சார். பாஸ்டரு, பாஸ்டருன்னு எல்லாரும் கத்திகினு கீறாங்க. கட்டுமரத்துல போயி தேடறாங்கோ.”

“ஃபாரஸ்டரா, பாஸ்டரா? காதில் விழுந்ததைச் சொல்லு.”

“பாஸ்டரு சார். சர்ச்சுல கீறாரே, அந்த மாதிரி.”

“காக்கி போட்டவர் யாராவது படகில் போனாரா?”

“கேட்டுகினு வரேன் சார். மீட்டர்ல காசு ஏறுது, வெச்சுடறேன்.”

கதிரவனிடம் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அப்ப ரெண்டு பேரா சார்? ஃபாரஸ்டர் ஒருத்தர், பாஸ்டர் ஒருத்தர்?” என்றான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் மேகலா நின்றுகொண்டிருந்தார். கையில் சிவப்புப் பேனா.

“அரை மணியா ஒரு ப்ரூஃபும் என் டேபிளுக்கு வரல. எல்லாம் முடிஞ்சுபோச்சான்னு கேக்க வந்தேன். எந்த ஃபாரஸ்டரு சார்?”

மறைப்பதா, சொல்வதா என்று முடிவெடுக்க எனக்குக் கிடைத்தது அவ்வளவு நேரம்தான். உறுதியாகாத செய்தியைக் குடும்பத்தாரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. அது நல்ல விதி, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதிச் சொல் காதில் விழுந்த பிறகு அந்த விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதே ஃபேக்ஸ் மற்ற மாலை இதழ்களுக்கும் போயிருக்கும். இன்னும் ஒரு மணி நேரத்தில் கீழே டீக்கடைத் தட்டியில் அவர்களுடைய போஸ்டர் தொங்கும். அதைப் பார்த்து இவர் தெரிந்துகொள்ளக் கூடாது. தாளை எடுத்து நீட்டினேன்.

மேகலா அதை நின்றபடியே படித்தார். ஒவ்வொரு சொல்லின் மேலும் பேனா முனை போனதைப் பார்த்தேன். வழக்கம் விடவில்லை.

“அவரு படகுல ஏற மாட்டாரு சார்” என்றார். “தண்ணின்னா அவருக்கு பயம். முட்டுக்காட்டுல பெடல் போட்டுலகூட ஏற மாட்டேன்னுட்டாரு. பசங்களைக் கூட்டிகினு நான்தான் போனேன்.”

“நல்லது.”

“வயசும் தப்பு. அவருக்கு முப்பத்தெட்டுதான்.”

“சரி.”

பேனாவை மூடினார். பிறகு அவரே சொன்னார், “ஆனா ரேஞ்சரு ஏறுன்னா ஏறித்தான ஆகணும். முடியும் நரைச்சுப்போச்சு. பாக்கறவங்க நாப்பத்தஞ்சு சொல்லுவாங்க.”

கதிரவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

அந்த நேரத்தில்தான் நான் அலமாரியிலிருந்து பெரிய ஆங்கில அகராதியை இறக்கினேன். தூக்க இரண்டு கை வேண்டும். சொற்களின் பூர்வீகமெல்லாம் போட்டிருக்கும் அகராதி அது. மேகலா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

“இப்பப் போயி டிக்‌ஷனரி எதுக்கு சார்?”

“ஒரு நிமிஷம்மா.”

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான். ஃபாரஸ்ட் என்ற சொல்லின் அடியில் இருப்பது, ‘வெளியே’ என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல். ஊருக்கும் வேலிக்கும் வெளியே, அரசன் வேட்டையாடுவதற்கென்று சட்டம் போட்டு ஒதுக்கிய நிலம் ஃபாரஸ்ட். அதில் மரம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. புல்வெளியும் சதுப்பும்கூட அதற்குள் வரும். நம் ‘காடு’ என்ற சொல்லும் அப்படித்தானே, சுடுகாட்டில் யாரும் மரத்தைத் தேடுவதில்லை. அந்த நிலத்தில் மற்றவர்கள் மானை அடிக்காமல், கிளையை வெட்டாமல் காத்தவன் ஃபாரஸ்டர். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்து எழுநூறு வருடத்துக்கு மேல் ஆன சொல். முதலில் உத்தியோகத்தின் பெயர். பிறகு அந்த உத்தியோகம் பார்த்தவன் பெயரோடு ஒட்டிக்கொண்டு, அவன் பிள்ளைகளுக்கும் போய், குடும்பப் பெயராகிவிட்டது. குடும்பப் பெயரான பிறகு வாயில் தேய்ந்தது. ஃபாரஸ்டர் ஃபார்ஸ்டர் ஆனது. இன்னும் தேய்ந்து ஃபாஸ்டர் ஆனது.

ஃபாஸ்டர் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டுக் கடற்கரையில் நின்று கத்துகிறவன் அந்தப் பெயரை எப்படிச் சொல்வான்? பாஸ்டர் என்றுதான். இங்கிலாந்துக்காரன் வாய்க்குப் பல தலைமுறை பிடித்த வேலையை நெட்டுக்குப்பம் ஒரு காலைப்பொழுதில் செய்து முடித்திருந்தது.

மறுபடி ஃபேக்ஸைப் பார்த்தேன். ‘ஒன் ஃபாரஸ்டர்.’ நீங்களும் முதல் தகவல் அறிக்கைகள் படித்திருப்பீர்கள். ‘ஒன் முருகன், ஏஜ்ட் அபவுட் தர்ட்டி’ என்று வரும். ஒரு முருகன் என்றா மொழிபெயர்ப்போம்? முருகன் என்பவர் என்போம். ‘என்பவர்’ என்ற தமிழை இங்கிலீஷில் போட முயன்றுதான் நம் போலீஸ்காரர்கள் அந்த ‘ஒன்’னைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறேன். எல்லாம் பெரிய எழுத்தில் வரும்போது பெயர் எது, உத்தியோகம் எது என்று ஆங்கிலத்தால்கூடக் காட்ட முடியாது. முருகன் என்றால் நமக்குச் சந்தேகமே வராது. ஃபாரஸ்டர் என்றால் காக்கிச் சட்டை முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

வயது இருந்தது, பெயர் இல்லை என்று நினைத்தேன். பெயர் இருந்திருக்கிறது.

மேகலாவிடம் சொன்னேன். “இது உத்தியோகம் இல்லைன்னு நினைக்கிறேன்மா. ஆளோட பேரு. ஃபாரஸ்டர் என்பவர். ராயபுரத்துல சட்டைக்காரங்க இருக்காங்களே, அவங்கள்ல யாராவது இருக்கும்.” ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பகுதியில் அப்படித்தான் சொல்வோம்.

“அப்ப இவரு இல்ல?”

“அப்படித்தான் தெரியுது.”

“தெரியுதா, தெரியுமா சார்?”

பதினைந்து வருடம் மெய்ப்புத் திருத்தியவரின் கேள்வி அது. எனக்குத் தெரியாது. அகராதி காட்டியது ஒரு சாத்தியத்தை மட்டுமே. ஒரு செய்தி தவறாக இருக்கலாம் என்று அது சொல்லும், துரைராஜ் எங்கே இருக்கிறார் என்று சொல்லாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை, எதையாவது கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் மறந்துவிடுவோம். அதை நினைவூட்டுகிறவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

“தெரியாதும்மா” என்றேன். “மாரி கூப்பிடுவான்.”

அச்சக ஃபோர்மேன் மாடி ஏறி வந்தார். பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது.

“இன்னா நைனா, பக்கம் எங்க? பசங்க மிஷினாண்ட குந்திகினு பீடி வலிக்கிறானுங்க. அந்த எண்ணூர் மேட்டரு போடறீங்களா இல்லியா? தோ, அவனுங்க போஸ்டரே அடிச்சுட்டானுங்களாம். வனவர் பலின்னு.”

அவர் சொல்லி முடித்த பிறகுதான் மேகலாவைக் கவனித்தார். எதுவும் புரியாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அஞ்சு நிமிசம் வேணா தாங்கும்” என்றார்.

முதல் பக்கத்தின் கீழ் வலதில் அந்தச் செய்திக்கு இடம் விட்டிருந்தேன். மற்ற இதழ் போட்டுவிட்டது என்று கேட்டதும் கை பரபரக்கத்தான் செய்தது. ‘வனவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஒருவர்’ என்று போட்டு அனுப்பினால் யாருக்கும் பொல்லாப்பு இல்லை. பாதுகாப்பான வழி அதுதான். ஆனால் ‘பலி’? அதற்கும் ஆதாரம் இல்லையே. இடத்தைக் குடிநீர் லாரிச் செய்திக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் பென்சிலை எடுத்தபோது போன் அடித்தது.

மாரிதான்.

“சார், பாஸ்டருன்னா சர்ச்சு ஆளு இல்ல சார். அது அவுரு பேராம். ராயபுரத்து சட்டைக்காரரு. புது துறைமுக வேலைக்கு வந்த மெதக்குற கிரேனு இல்ல, அத ஓட்டறவரு. கம்பெனி போட்டுலதான் சார் போயிருக்காரு.”

“வனவர் யாராவது?”

“இன்னா வரு?”

“காட்டு ஆபீசர்யா. காக்கி. கன்று நடறவர்.”

“அவுரா? தோ, இங்கதான் சார் கீறாரு. மூணாவது ஆளா லைன்ல நிக்கறாரு போன் பண்றதுக்கு. இன்னாத்துக்கு சார்?”

ரிசீவரை மேகலாவிடம் கொடுத்தேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் இரைச்சல் மட்டும் வந்திருக்க வேண்டும். பிறகு ஒரு குரல் கேட்டது. என்ன சொன்னது என்று எங்களுக்குத் தெரியாது. மேகலாவின் பதில்தான் கேட்டது.

“எங்க குந்திகினு இருந்த இம்மாந்நேரம்?”

...

“தேடறதுக்கு நீயும் ஒரு கை குடுத்தியா? கரையிலேர்ந்தா? கயிறு புடிச்சியா? சரி.”

...

“பேண்ட்டு போனா போவுது. நான் பேண்ட்டைக் கேட்டனா?”

...

“ஒண்ணும் இல்ல. சும்மாதான். நீ போயி அந்தாளத் தேடு.”

ரிசீவரை வைத்துவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரவன் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபோர்மேன்தான் முதலில் பேசினார். “இன்னாம்மா, வூட்டுக்காரரா? இம்மாம் மெரட்டுனா எவன் போன் பண்ணுவான்?” மேகலா சிரித்தார். சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. கதிரவன் எதற்கென்று தெரியாமல் ஜன்னலைத் திறந்தான். மணலிப் பக்கத்துக் காற்று, கெட்ட வாடை. அன்று யாரும் மூடச் சொல்லவில்லை.

செய்தியைக் கதிரவனே மறுபடி எழுதினான். “எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. ராயபுரத்தைச் சேர்ந்த கிரேன் ஓட்டுநர் ஃபாரஸ்டர் என்பவரைத் தேடி வருகிறார்கள்.” ‘பலி’ இல்லை, கேள்விக்குறியும் இல்லை. மேகலா படித்துக் கையெழுத்துப் போட்டார். பக்கம் தாமதமாகத்தான் கீழே போனது. கும்மிடிப்பூண்டி ரயிலுக்குப் போக வேண்டிய கட்டுகள் அடுத்த ரயிலில் போயின. முதலாளி என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. எங்கள் இதழைவிட அன்று மற்ற இதழ்தான் அதிகம் விற்றது.

ஒன்று சொல்ல வேண்டும். அறை முழுக்க நிம்மதி பரவியபோது, வேறொரு வீட்டில் அந்தச் செய்தி இனிமேல்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது. துரைராஜ் இல்லை என்றால் ஃபாரஸ்டர். எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவருக்கும் ஒரு மனைவி இருந்தார். சந்தோஷத்தில் அதை முதலில் நினைத்தவர் மேகலாதான். “அந்தாளுக்கு நீச்சல் தெரியுமா சார்?” என்று இரண்டு முறை கேட்டார். மதியச் சாப்பாட்டை அவர் பிரிக்கவே இல்லை.

மூன்று மணிக்கு மாரி மறுபடி பேசினான். முகத்துவாரத்தின் அந்தக் கரைப் பக்கம், இறால் வலை கட்டுவதற்காக ஊன்றியிருந்த கம்பு ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஃபாரஸ்டர் நின்றிருக்கிறார். தேடியவர்கள் அதுவரை கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்ற நீர் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருந்தது. காலில் சிப்பி வெட்டு, வேறு ஒன்றுமில்லை. ஏற்றும்போது கட்டுமரத்துக்காரர்களை ஆங்கிலத்தில் திட்டினாராம். மேகலா மாரி சொன்னதைக் கேட்டுவிட்டுப் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

மறுநாள் மற்ற இதழின் தலைப்பு: “பலியான வனவர் உயிருடன் மீட்பு.”

அன்று சாயங்காலம் கதிரவனும் நானும் ஃபாரஸ்டரைப் பார்க்கப் போனோம். மாதா கோவிலுக்குப் பின்னால் சின்ன வீடு. காலில் கட்டுப் போட்டு முக்காலியில் நீட்டியிருந்தார். கதிரவன் அவருக்கு அவர் பெயரின் கதையைச் சொன்னான். அரசனின் காடு, மான், காவல்காரன், ஃபார்ஸ்டர், ஃபாஸ்டர் எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல கதை மேன். எங்க அப்பா ரயில்வே ஃபயர்மேன். தாத்தா ஹார்பர்ல வின்ச் டிரைவர். காடுன்னா நான் வண்டலூர் ஜூ பாத்திருக்கேன், அவ்ளோதான்.” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “டோரா, நம்ம ஃபேமிலியில யாராவது மானைக் காப்பாத்தியிருக்காங்களா?”

“மொதல்ல நீ உன்னைக் காப்பாத்து” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

“பேப்பர்ல செத்துப்போனது யாரு மேன்?” என்று எங்களைக் கேட்டார்.

“நீங்கதான் சார்” என்றான் கதிரவன். “வேற பேப்பர்ல.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். டோரா தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் சிரிக்கவில்லை. காலில் கட்டு இருக்கும்வரை வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று எங்களிடம் உறுதியாகச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஃபாரஸ்டர் காலில் கட்டோடு ராயபுரத்தில் ரயில் ஏறி எண்ணூருக்கு வேலைக்குப் போனார்.